3060, 4060, 5060: தலைமுறை எண்ணும் வாட் கணக்கும்

கேள்வி கேட்டவரிடம் இப்போது என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு (திரையில் தெரியும் காட்சிகளைக் கணக்கிட்டு வரையும் பலகை) இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060, 4060, 5060 ஆகிய மூன்றில் ஒன்றைப் போட நினைக்கிறார். மாலையில் மூன்று மணி நேரம் 1080பி திரையில் கேம், வார இறுதியில் கொஞ்சம் பிளெண்டர் (முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் மென்பொருள்) வேலை, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), 600 விஏ யூபிஎஸ் என்று விவரம் கொடுத்திருக்கிறார். "இந்த மூன்றில் மின்சாரம் குறைவாக எடுப்பது எது? புதிய தலைமுறை என்றால் எப்படியும் குறைவாகத்தானே எடுக்கும்?" என்பது அவர் எழுதிய வாசகம். இதற்குள் தனித்தனியாக மூன்று கேள்விகள் இருக்கின்றன. உச்ச சுமையை எஸ்எம்பிஎஸ்ஸும் யூபிஎஸ்ஸும் தாங்குமா என்பது ஒன்று; கேபினெட்டும் அறையும் எவ்வளவு சூடாகும் என்பது இன்னொன்று; மின்கட்டணம் எவ்வளவு மாறும் என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் வாட் முக்கியம். மூன்றாவதற்கு வாட்டை மணிக்கணக்கால் பெருக்கிப் பார்க்க வேண்டும். கணினிகளை உதிரியாக வாங்கிக் கட்டிக் கொடுப்பதையும் பழுது பார்ப்பதையும் பல ஆண்டுகளாகச் செய்து வருவதால், இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு தேவைக்குப் பொருந்தாத கார்டை வாங்கிச் செல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

புதிய தலைமுறை எப்படியும் குறைவாகத்தான் எடுக்கும் என்ற எண்ணம் சரியில்லை என்பதை என்விடியா தானே அறிவித்த எண்களை வைத்தே காட்டலாம். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060க்கு 120 வாட். 2019இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2060க்கு 160 வாட். 2021இல் வந்த 3060க்கு 170 வாட். 2023இல் வந்த 4060இல் அது 115 வாட்டாக இறங்கியது. 2025இல் வந்த 5060இல் மறுபடி 145 வாட்டாக ஏறியது. பெயரின் கடைசி இரண்டு இலக்கங்கள் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே வகுப்பு என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த வகுப்புக்கு எத்தனை வாட் ஒதுக்குவது என்பதை ஒவ்வொரு முறையும் நிறுவனம் புதிதாக முடிவு செய்கிறது. புதிய தலைமுறை பெரும்பாலும் தருவது, ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வேலை கொஞ்சமாவது கூடுவது மட்டுமே. அந்த ஆதாயத்தை வேகமாக விற்பதா, மின்சேமிப்பாக விற்பதா என்பது சந்தைப் போட்டியைப் பொறுத்த விஷயம்.

4060இல் மட்டும் ஏன் இவ்வளவு இறங்கியது என்பதற்குக் காரணங்கள் தெளிவாகவே இருக்கின்றன. 1060இன் சிப், சிப்களைத் தயாரித்துக் கொடுக்கும் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் 16 நானோமீட்டர் முறையில் தயாரானது (இந்த எண் சிறிதானால் அதே வேலைக்குப் பொதுவாகக் குறைந்த மின்சாரம் போதும்). 3060 தலைமுறைக்கு என்விடியா சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறைக்குப் போனது. 4060க்கு மறுபடி டிஎஸ்எம்சியிடம் வந்து 4என் என்ற 4 நானோமீட்டர் வகை முறையைப் பயன்படுத்தியது. சாம்சங் 8 நானோமீட்டரிலிருந்து 4என்னுக்குத் தாவியது ஒரே படியில் பல படிகளைக் கடந்த தாவல். அதனால்தான் 3060இல் 3584 கணக்கீட்டுக் கருக்கள் இருக்க, 4060 வெறும் 3072 கருக்களை வைத்துக்கொண்டு, அவற்றை மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஓட்டியும், குறைந்த மின்சாரத்தில் 3060ஐ முந்திச் செல்கிறது. இரண்டாவது காரணம் நினைவகத்தின் அமைப்பில் உள்ளது. 3060இல் சிப்புக்கும் வெளி நினைவகத்துக்கும் இடையே 192 பிட் அகலப் பாதை இருந்தது. 4060இல் அது 128 பிட்டாகச் சுருங்கி, அதற்கு ஈடாகச் சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம்) 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகப் பெருகியது. ஒரு தரவைச் சிப்புக்கு வெளியே போய் எடுத்துவருவதற்கு ஆகும் ஆற்றல், உள்ளேயே இருக்கும் கேஷிலிருந்து எடுப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே வெளியே போகும் தடவைகள் குறைந்தால் மின்செலவும் குறைகிறது.

5060இல் அப்படி எந்தத் தாவலும் நடக்கவில்லை. அதன் சிப்பும் 4060ஐப் போலவே டிஎஸ்எம்சியின் அதே 4 நானோமீட்டர் குடும்பத்து முறையில்தான் தயாராகிறது. கருக்கள் 3840 ஆகக் கூடின, நினைவகம் ஜிடிடிஆர்7 என்ற புதிய வகைக்கு மாறியது, வாட் 115இலிருந்து 145க்கு, அதாவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. வேகமும் கேமுக்குக் கேம் மாறுபட்டாலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரைதான் ஏறியது. அதாவது கூடுதல் வேலைக்குக் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடுதல் மின்சாரம். அதே தலைமுறையின் கடைக்குட்டியான 5050 இன்னும் வியப்பளிக்கிறது: அதற்கு 130 வாட். முந்தைய தலைமுறை 4060ஐவிட 15 வாட் அதிகம் எடுத்துக்கொண்டு, வேகத்தில் அதற்குச் சமமாகவோ சற்றுப் பின்தங்கியோ நிற்கிறது. பெயரில் சிறிய எண்ணும் புதிய தலைமுறையும் சேர்ந்திருப்பதால் இதுதான் மிகச் சிக்கனமானது என்று யாராவது நினைத்து வாங்கினால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஒரே பெயருக்குள்ளேயே இருக்கும் பேதம் இதைவிடத் தொல்லையானது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 2022இல் வந்த 8 ஜிபி கார்டுக்கு 130 வாட். 2024இல் வந்த 6 ஜிபி கார்டுக்கு 70 வாட். நினைவகம் மட்டும்தான் வேறு என்று பெட்டியைப் பார்த்தால் தோன்றும்; உள்ளே கருக்களின் எண்ணிக்கையும் நினைவகப் பாதையின் அகலமும்கூடக் குறைவு. லேப்டாப்பில் நிலைமை இன்னும் மோசம்: 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த எல்லையை வைப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பாளரே தீர்மானிக்கலாம். ஆகவே கார்டை ஒப்பிடும்போது பெயரை ஒதுக்கிவிட்டு, அந்தக் குறிப்பிட்ட மாடலின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மொத்த வாட் எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த வாட் எண்ணையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதில் ஒரு எச்சரிக்கை தேவை. அது கார்டு மொத்தமாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு; எப்போதும் அவ்வளவு எடுக்கும் என்று பொருளல்ல. பிராசசர் மெதுவாக இருந்து கார்டு அதற்காகக் காத்திருக்கும் கேமில், 170 வாட் கார்டு 110 வாட்டிலேயே நிற்கக்கூடும். அசூஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் போன்ற நிறுவனங்கள் கூடுதல் அதிர்வெண்ணோடு விற்கும் மாடல்களில் வரம்பு அறிவித்ததைவிடச் சில வாட் கூடுதலாகவும் இருக்கலாம். மென்பொருள் காட்டும் எண்ணிலும் ஒரு வலை உண்டு: என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6000 வரிசை கார்டுகள் தங்கள் சிப் எடுக்கும் மின்திறனை மட்டுமே மென்பொருளுக்குச் சொல்கின்றன, கார்டு முழுவதும் எடுப்பதைச் சொல்வதில்லை. என்விடியா கார்டுகள் முழுக் கணக்கையும் சொல்கின்றன. இரண்டு திரைப்பிடிப்புகளை அருகருகே வைத்து "ஏஎம்டி 100 வாட்தான் எடுக்கிறது பாருங்கள்" என்று வாதிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. உண்மை தெரிய வேண்டுமானால் சுவர் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி, பழைய கார்டோடும் புதிய கார்டோடும் ஒரே கேமின் ஒரே இடத்தில் அளந்து பார்ப்பதுதான் வழி.

இப்போது கட்டணக் கணக்கு. 3060க்கும் 4060க்கும் உச்ச வரம்பில் 55 வாட் வித்தியாசம். தினமும் மூன்று மணி நேரம் இரண்டும் முழு வேகத்தில் ஓடுகின்றன என்று எடுத்துக்கொண்டால் நாளுக்கு 165 வாட்-மணி. எஸ்எம்பிஎஸ்ஸின் இழப்பையும் சேர்க்க வேண்டும். அதன் செயல்திறன் 85 சதவீதம் என்று கொண்டால் மீட்டரில் ஓடுவது சுமார் 194 வாட்-மணி. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் இது சுமார் 12 யூனிட், ஆண்டுக்குச் சுமார் 71 யூனிட். படிநிலைக் கட்டணம் என்பதால் கூடுதலாக ஓடும் யூனிட்டுகள் உங்கள் வீட்டின் மேல் படிநிலை விலையில்தான் விழும். அதை யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 570 ரூபாய் அளவில் வரும். ஏசி போட்ட அறையாக இருந்தால் கார்டு வெளியேற்றும் வெப்பத்தையும் ஏசி வெளியே தள்ள வேண்டும் என்பதால் இன்னொரு கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கூடும். இந்தத் தொகையைச் சிறிதென்று நான் தள்ளவில்லை. ஆனால் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் 5,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஒரு கார்டை வாங்கினால், அந்தப் பணம் திரும்பி வர ஒன்பது ஆண்டுக்கு அருகில் ஆகும். அத்தனை காலம் அந்தக் கார்டே பயனில் இருக்குமா என்பது ஐயம்.

பிளெண்டர் வேலைக்குக் கணக்கே வேறு. கேமில் நேரம் நிலையானது: மூன்று மணி நேரம் விளையாடுவீர்கள், கார்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும் மூன்று மணி நேரம்தான். ரெண்டரிங்கில், அதாவது முப்பரிமாணக் காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவதில், வேலை நிலையானது: வேகமான கார்டு சீக்கிரம் முடித்துவிட்டு ஓய்வுக்குப் போகும். விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கு: 3060 ஒரு மணி நேரம் எடுக்கும் ஒரு ரெண்டரை 4060 45 நிமிடத்திலும் 5060 36 நிமிடத்திலும் முடிக்கின்றன என்று கொள்வோம். 3060 செலவிடுவது 170 வாட்-மணி, 4060 செலவிடுவது 86, 5060 செலவிடுவது 87. வாட் எண்ணில் 30 கூடுதலாக இருந்தும் 5060 இந்த வேலைக்கு 4060 அளவே ஆற்றலைச் செலவிடுகிறது. 4060 கூடுதலாக எடுக்கும் அந்த ஒன்பது நிமிட நேரத்தில் பிராசசரும் திரையும் எடுத்திருக்கும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்த்தால் 5060தான் சற்று முன்னே நிற்கும். காட்சிக்குக் காட்சி இந்த நிமிடங்கள் மாறும் என்றாலும், வாட்டை மட்டும் பார்த்து ரெண்டரிங் கார்டைத் தேர்ந்தெடுப்பது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பதில் ஐயமில்லை.

கணினியை நாள் முழுவதும் ஓடவிட்டு உலாவியும் காணொளியுமாக இருப்பவர்கள் சும்மா இருக்கும்போது கார்டு எடுக்கும் வாட்டையும் பார்க்க வேண்டும். 4060 சும்மா இருக்கையில் 7 வாட் எடுக்கும் என்று என்விடியா குறிப்பிடுகிறது. பத்து வாட் கூடுதலாக எடுக்கும் கார்டு ஒன்று தினம் 12 மணி நேரம் சும்மா ஓடினால் நாளுக்கு 120 வாட்-மணி ஆகிறது. இது மேலே சொன்ன கேம் வித்தியாசத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. இரண்டு திரைகளை வெவ்வேறு புதுப்பிப்பு வேகத்தில் இணைத்தால் பல கார்டுகளில் நினைவகம் முழு அதிர்வெண்ணிலேயே நின்றுவிடுவதால் இந்த எண் எகிறும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 கார்டுகள் வந்த புதிதில் இந்தச் சிக்கல் பெரிதாக இருந்தது. இன்டெல் ஆர்க் கார்டுகளில் மதர்போர்டின் பயாஸில் (கணினி துவங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு அமைப்பை இயக்காவிட்டால் சும்மா இருக்கும்போதே மின்சாரம் அதிகம் போகும். கூடவே ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் நேரடியாக அணுகவிடும் வசதி) இல்லாத பழைய மதர்போர்டில் அவை வேகத்தையும் பெருமளவு இழக்கும். 1060 காலத்து மதர்போர்டு வைத்திருப்பவருக்கு நான் ஆர்க் கார்டைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேட்டவரின் உண்மையான இடுக்கண் யூபிஎஸ்ஸில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 600 விஏ என்று எழுதியிருக்கும் யூபிஎஸ்ஸின் வாட் திறன் பெரும்பாலும் 360தான். கேள்வியில் பிராசசரின் பெயர் இல்லாததால் அது கேமின்போது 90 வாட் எடுக்கிறது என்றும், மதர்போர்டு, எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு 45 வாட் என்றும், திரைக்கு 25 வாட் என்றும் வைத்துக்கொள்கிறேன். 4060 போட்டால் கேபினெட்டுக்குள் 250 வாட், 85 சதவீத எஸ்எம்பிஎஸ்ஸின் வழியாக அது 294 வாட், திரையோடு 319. யூபிஎஸ் தாங்கும். 5060 போட்டால் இதே கணக்கில் 354. எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். 3060 போட்டால் 384. விளையாட்டின் உச்சத்தில் கரண்ட் போனால் யூபிஎஸ் கத்தும், அல்லது அணைந்தே போகும். பேட்டரி பழசானால் 4060 கூடத் தப்பிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. 450 வாட் எஸ்எம்பிஎஸ் பொறுத்தவரை, 3060, 4060, 5060 மூன்றுக்கும் என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ் பரிந்துரைக்கிறது. 1060க்கு 400 வாட்தான் கேட்டது. இந்தப் பரிந்துரை தரம் குறைந்த எஸ்எம்பிஎஸ்களையும் மனத்தில் வைத்துக் கூட்டிச் சொல்லப்படுவது. தரமான தயாரிப்பு, பழுதில்லாதது, 12 வோல்ட் பாதையில் மட்டும் 400 வாட்டுக்கு மேல் தருவதாக லேபிளில் இருக்கிறது என்றால் 450 வாட்டில் 4060 சிக்கலின்றி ஓடும். எஸ்எம்பிஎஸ் 1060 வாங்கிய 2016, 2017 காலத்தது என்றால் கார்டுக்கு முன்னால் அதை மாற்றுங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வயதோடு வலுவிழக்கும்.

எந்தக் கார்டை வாங்கினாலும் அதன் பசியைக் குறைக்கும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. பலரும் இதைத் தொடுவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரு சிப் வேலை செய்யும்போது எடுக்கும் மின்திறன், அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. அதிர்வெண்ணைப் பத்து சதவீதம் குறைத்தால் மின்னழுத்தத்தையும் ஏறத்தாழ அதே அளவு குறைக்க முடியும் என்று கொண்டால், 0.9ஐ மூன்று முறை பெருக்கியதாக 0.73 வருகிறது: பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து 27 சதவீத மின்சாரம் மிச்சம். கசிவு மின்னோட்டமும் நினைவகம், விசிறி எடுப்பதும் இந்தச் சூத்திரத்துக்குள் வராததால் நடைமுறையில் மிச்சம் இதைவிடக் குறையும். ஆனாலும் கொடுத்ததைவிடப் பெற்றது அதிகமாகவே இருக்கும், ஏனென்றால் கடைசிச் சில சதவீத வேகத்துக்காகத்தான் தொழிற்சாலையில் மின்னழுத்தத்தை மிக உயர்த்தி வைத்து அனுப்புகிறார்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட் என்ற நகர்த்தியை 80 சதவீதத்துக்கு இழுத்துவிட்டால் போதும். எவ்வளவு கீழே இறக்கலாம் என்பதற்குக் கார்டின் பயாஸில் ஓர் எல்லை இருக்கும், அது மாடலுக்கு மாடல் மாறும். மின்னழுத்த வளைவை, அதாவது எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்பதை, நேரடியாகத் திருத்துவது இன்னும் பலன் தரும். அதிகமாகக் குறைத்தால் கேம் பாதியில் நின்றுவிடும், அப்போது ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். மின்னழுத்தத்தைக் குறைப்பதால் கார்டுக்குச் சேதம் வராது.

இதைவிட எளிது ஃபிரேம் வரம்பு. 60 ஹெர்ட்ஸ் திரையில் கார்டு நொடிக்கு 140 ஃபிரேம் வரைந்தால் பாதிக்கு மேல் திரைக்கே வராமல் வீணாகிறது. என்விடியா டிரைவர் அமைப்பிலேயே அதிகபட்ச ஃபிரேமை 60 என்று வைத்துவிட்டால், கார்டு தேவையான அளவுக்கு மட்டும் ஓடி, அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் தானே இறக்கிக்கொள்ளும். ஒரே 60 ஃபிரேமை வரைய, நிறையக் கருக்கள் கொண்ட கார்டு நிதானமாக ஓடினால் போதும். குறைந்த கருக்கள் கொண்ட கார்டு உச்சத்தில் முக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதனால் 60 ஃபிரேம் வரம்பிட்ட 5060, முழு மூச்சில் ஓடும் பழைய 1060ஐவிடக் குறைவான மின்சாரம் எடுப்பது மிகவும் சாதாரணமாக நடக்கும். பெட்டியில் எழுதிய 145ஐயும் 120ஐயும் மட்டும் பார்த்தவருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும்.

கூடுதல் மின்கம்பி இணைப்பே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் 75 வாட் வரை தர முடியும். ஒரு பழைய வகை சீலிங் ஃபேன் எடுக்கும் அளவு அது. அந்த வரம்புக்குள் ஓடும் கார்டுகளில் 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிதான் இன்று என் தேர்வு. ஆனால் அது 1060ஐவிடச் சற்றுத்தான் வேகம். 1060 வைத்திருப்பவர் பணம் போட்டு மாற்றிய மனநிறைவு கிடைக்காது. ஏஎம்டியின் 53 வாட் ஆர்எக்ஸ் 6400 இன்னும் சிக்கனமானது. ஆயினும் மதர்போர்டோடு தரவு பரிமாற நான்கு பாதை இணைப்பு மட்டுமே கொண்டிருப்பதால் பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் திணறும், காணொளியைச் சுருக்கிப் பதிவு செய்ய உதவும் வீடியோ என்கோடரும் அதில் இல்லை. ஏஎம்டியில் பார்க்கத் தகுந்தவை 132 வாட்டில் 3060ஐ ஒட்டிய வேகம் தரும் ஆர்எக்ஸ் 6600உம், 160 வாட்டில் வரும் 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும். கேம் மட்டும் என்றால் இரண்டும் நல்லவை. பிளெண்டரில் என்விடியா கார்டுகள் தெளிவாக முன்னே இருப்பதால் கேட்டவருக்கு இவற்றை முதலில் சொல்ல மாட்டேன்.

அவருக்கு என் பரிந்துரை 4060. நியாயமான விலையில், வாரன்டியோடு இன்னும் கிடைத்தால். கிடைக்காவிட்டாலோ, 5060 ஏறக்குறைய அதே விலையில் வந்தாலோ, 5060ஐ வாங்கிப் பவர் லிமிட்டைக் குறைத்து, ஃபிரேம் வரம்பும் வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் யூபிஎஸ் கணக்கும் சரியாகிவிடும். 3060ஐ 12 ஜிபி நினைவகத்துக்காக மட்டுமே எடுக்கலாம்: பெரிய பிளெண்டர் காட்சிகள் 8 ஜிபிக்குள் அடங்காதபோது அந்த 4 ஜிபி, மின்சேமிப்பைவிடப் பெரிய விஷயம். 8 ஜிபி இன்றைய கேம்களிலேயே சிலவற்றில் இறுக்கமாக இருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அப்போது டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்க வேண்டியிருக்கும். 4060உம் 5060உம் எட்டுப் பாதைகள் மட்டும் கொண்டவை என்பதால், பிசிஐஇ 3.0 மதர்போர்டில் நினைவகம் நிரம்பி வழியும் வேளைகளில் இந்த இறுக்கம் கூடுதலாகத் தெரியும். 1060ஐயே இன்னும் சில காலம் வைத்திருப்பதும் கெட்ட யோசனை அல்ல. ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் மேம்பாடுகளை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து, எஸ்எம்பிஎஸ்ஸில் எட்டு முனை பிசிஐஇ இணைப்பி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 1060இன் பல மாடல்களுக்கு ஆறு முனை போதுமாக இருந்தது, 4060, 5060 மாடல்கள் பெரும்பாலும் எட்டு முனை கேட்கும். அது இல்லையென்றால் மோலக்ஸ் என்ற பழைய வகைக் கம்பியிலிருந்து மாற்றும் மலிவான அடாப்டரை நாடாமல், எட்டு முனை இணைப்பியோடு வரும் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.